முடிவுக் கோட்டில் நின்ற கிழமை

ஜூன் 13, சனி

வெயில். காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டுகிறது. நாளைக்குத் தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டி. மழை இல்லை என்று போன் சொல்கிறது. போன வருடமும் அப்படித்தான் சொன்னது, எல்லாரும் நனைந்தோம். குடையும் எடுக்க வேண்டும்.

எடுத்து வைக்க:
– மகள் மிதுவின் பச்சை ரீசேட் (முல்லை இல்லம்). தோய்த்தாயிற்று, காயவில்லை
– தண்ணீர், பெரிய போத்தல்
– பாய், தொப்பி, வெயிலுக்குப் பூசுகிற கிறீம்
– எல்லாருக்கும் சாப்பிட ரோல்ஸ், ஒரு பெட்டி நிறைய. (இந்த வேலையை எனக்கு யார் தந்தது? நானேதான் கை தூக்கினேன்.)
– முடிவுக் கோட்டில் பிடிக்க நூல்

நூல்தான் தலையிடி. பள்ளி அலுமாரியில் கிடந்த நூல்பந்தைக் கைவேலை வகுப்புக்காரர் முடித்துவிட்டார்கள். குட்மேய்ஸ் கடைகளில் தேடி அலுத்துவிட்டது. ஈஸ்ட் ஹாமுக்குப் போனால் சேலை வாங்கலாம், நகை வாங்கலாம், கம்பளி நூலுக்கு எங்கே போவது? கடைசியில் என் பழைய சிவப்புச் சுவெற்றரின் ஒரு கையைப் பிரித்தேன். இவர் பார்த்துவிட்டு, "மற்றக் கையையும் பிரிச்சால் மரதன் ஓட்டத்துக்கும் காணும்" என்கிறார்.

நாளைக்கு நான் முதலாமிடத்து நடுவர். சனிக்கிழமைகளில் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன், கிழமை நாளில் இல்ஃபோர்டில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசை. விளையாட்டுக்கும் எனக்கும் என்ன என்றால், இந்தப் பதவி வாயால் வந்தது. போன வருடம் அந்த இடத்தில் நின்றவர் கணேசலிங்கம் அண்ணை. பையன்களின் ஓட்டத்தில் தன் மகன் ஆரூரனின் கையையே முதலாவது என்று பிடித்தார். பெற்றோர் கூட்டத்தில் நான் எழும்பிக் கேட்டேன்: "சொந்தப் பிள்ளையைத் தூக்கிவிடவோ அண்ணை உதிலை நிண்டனீங்கள்?" சனம் கை தட்டியது. மனிசன் ஒன்றும் பேசவில்லை. அதன்பிறகு எந்தக் குழுவுக்கும் வரவும் இல்லை.

இந்த முறை பள்ளி அதிபர் என்னை நிற்கச் சொல்லிக் கேட்டார். என்ரை பிள்ளையும் ஓடுறாள், சரிவராது என்றேன். "உங்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் ரீச்சர். நீங்கள் நிண்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்" என்றார். மறுத்திருக்கலாம். கேட்க நன்றாக இருந்தது. ஓம் என்றுவிட்டேன்.

மிதுவுக்குப் பதினொரு வயது. 100 மீற்றரில் முதலாவதாக வந்தால், ஜூலையில் லண்டன் தமிழ்ப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் போட்டிக்குப் போகலாம். ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளை. ஈஸ்டரிலிருந்து பின்னேரங்களில் பார்க்கில் ஓட்டம். நான் போனில் நேரம் பிடிப்பேன், "கையை ஆட்டு, பக்கத்திலை பாக்காதை" என்று கத்துவேன், நாயுடன் வருகிற வெள்ளைக்காரர்கள் விலகிப் போவார்கள். இன்றைக்கு ஓட வேண்டாம், காலுக்கு ஓய்வு கொடு என்றேன். கேளாமல் படியில் ஏறி இறங்குகிறாள்.


ஜூன் 14, ஞாயிறு

வெயிலோ வெயில். மூக்குத் தோல் உரிகிறது. கால் இரண்டும் வீக்கம்.

இல்லங்கள்: மருதம் முதலாவது, முல்லை இரண்டாவது, குறிஞ்சி மூன்றாவது.
கயிறிழுத்தலில் அப்பாமார் கூட்டத்தோடு விழுந்தார்கள். இவருக்கு இடுப்புப் பிடிப்பு, எண்ணெய் போட்டுவிட்டேன்.
ரோல்ஸ் அரை மணியில் முடிந்தது. உறைப்புக் காணாது என்று ஒரு ஆள்.
பெண்பிள்ளைகள் 100 மீ., பன்னிரண்டு வயதுக்குக் கீழ்: ஷர்மிகா (மருதம்) 1, மிது 2.

வந்து வந்து சொன்னார்கள்.

"பாத்தியளே, தன்ரை பிள்ளை எண்டும் பாராமல்!"

"இதெல்லோ நடுவர்."

அதிபர் ஒலிபெருக்கியிலேயே, எங்கடை வதனி ரீச்சரைப் பாத்துப் படிக்க வேணும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் சிரித்தேன். சிரித்த முகத்தோடு யாரோ படமும் எடுத்தார்கள்.

காரில் மிது பின்னால் இருந்தாள். "ஐ வொன், அம்மா." அழவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை, ஒரு தகவல் மாதிரிச் சொன்னாள். ஓடுகிற ஆளுக்கு அது தெரியாது, கோட்டில் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும் என்றேன். "ரெண்டாவதும் நல்ல இடம்தானே குஞ்சு" என்றார் இவர்.

இன்றைக்கு இவ்வளவு காணும்.


ஜூன் 15, திங்கள்

முகில், காற்று. நேற்றைய வெயில் எங்கே போனது என்று தெரியவில்லை. வேலையில் மூன்று பேர் நேரம் மாற்றினார்கள், ஒருவர் பல்லை வீட்டில் மறந்துவிட்டு வந்தார்.

நேற்று எழுதாமல் விட்டதை எழுத வேண்டும். இது என் கொப்பி. இதிலும் மறைத்தால் பிறகு எங்கேதான் உள்ளதைச் சொல்வது.

எங்கள் பள்ளியில் ஓட்டத்தை ஊர் முறையில்தான் தீர்க்கிறோம். கோட்டில் மூன்று நடுவர். ஒருவர் முதலாமிடத்தை மட்டும் பார்ப்பார், ஒருவர் இரண்டாவதை, ஒருவர் மூன்றாவதை. எழுதுவதில்லை, கொடி காட்டுவதில்லை. நூலைத் தாண்டி வருகிற பிள்ளையின் மணிக்கட்டை எட்டிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பிடித்ததுதான், அப்படியே மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். முதலாவது ஆள் பிடித்த பிறகு, மிச்சத்தில் முன்னுக்கு நிற்கிற பிள்ளையை இரண்டாவது ஆள் பிடிப்பார். ஆகவே முதலாவது யார் என்று பார்ப்பது ஒரே ஒரு ஆளின் கண். நேற்று அது என் கண்.

மிதுதான் முதலாவது. கண்டேன். வடிவாகக் கண்டேன். நூல் அவளின் நெஞ்சில்தான் அறுந்தது. ஷர்மிகா ஒரு தோள் அளவு பின்னால். என் கை மிதுவின் பக்கம்தான் போனது, பாதி தூரம் போயும் விட்டது. அப்போது கயிற்றுக்கு அங்கால் நிற்கிற சனம் தெரிந்தது. போன வருடம் நான் கத்தியது காதில் கேட்டது. கை திரும்பி ஷர்மிகாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

கை திரும்பியது என்று எழுதுகிறேன், பார். கை தானாகத் திரும்புமா? நான்தான் திருப்பினேன்.

அந்தப் பிள்ளை மூச்சு வாங்கியபடி என்னை நிமிர்ந்து பார்த்தது. "மீ?" என்றது. "ஓம், நீதான்" என்றேன். மிது பக்கத்தில் நின்றாள், சிவப்பு நூல் ரீசேட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மேசையடியில் அதைக் கிள்ளி எடுத்து என் ஜீன்ஸ் பொக்கற்றில் போட்டேன். தாய் பிள்ளையின் உடுப்பில் தூசி தட்டுகிற மாதிரி. இன்றைக்குத் தோய்க்கிறபோது கைக்கு வந்தது, குப்பைக்குள் போட்டேன்.

வட்ஸ்அப் குழுவில் அந்த ஓட்டத்தின் வீடியோ நாலு. நாலையும் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு பார்த்தேன். இரண்டு பின்னாலிருந்து எடுத்தது. ஒன்றில் சரியாகக் கோட்டடியில் யாரோ ஒருவரின் குடை. மற்றதில் எடுத்தவர் துள்ளியதில் வானம்தான் தெரிகிறது. ஒன்றிலும் தெரியவில்லை என்றதும் அப்பாடா என்று இருந்தது. பிறகு குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன்.

ஒருவருக்கும் அநியாயம் செய்யக்கூடாது என்று நிற்கப் போய், வீட்டுப் பிள்ளைக்குச் செய்துவிட்டு வந்து நிற்கிறேன். வெட்கம். வேறு சொல் இல்லை.


ஜூன் 16, செவ்வாய்

தூறல். சாம்பாருக்குப் பூசணிக்காய் இல்லை, கரட் போட்டேன்.

குழுவில் இன்னும் புகழ்மாலை. ஒருவர் என் படத்தைச் சுற்றிப் பூ வைத்து அனுப்பியிருக்கிறார், செத்துப்போன ஆளுக்கு வைக்கிற மாதிரி.

பின்னேரம் ரஜிதா வந்தாள், ஷர்மிகாவின் தாய். வவுனியாவிலிருந்து கெயார் விசாவில் வந்தவள், வயோதிபர் இல்லத்தில் வேலை, ஷிப்ட் முடிந்து யூனிபோமோடு. தாயும் பிள்ளையும் ஒரு அறையில் இருக்கிறார்கள், புருஷனுக்கு இன்னும் விசா சரிவரவில்லை. ஒரு பெட்டி கேசரி கொண்டுவந்தாள். இருக்கச் சொன்னால் கதிரை நுனியில் இருக்கிறாள்.

"அக்கா, நான் உங்களுக்கு நன்றி சொல்ல வந்தனான்."

எனக்கு ஏன், உன்ரை பிள்ளைதானே ஓடினது என்றேன்.

"இல்லை அக்கா. அவள் இஞ்சை வந்து ஒரு இடத்திலையும் முன்னுக்கு நிண்டதில்லை. பள்ளிக்கூடத்திலை இங்கிலிஸ் வராது எண்டு பின்னுக்கு இருத்திப்போட்டினம். நீங்கள் அவளைக் கையிலை பிடிச்சு எல்லாருக்கும் முன்னாலை கூட்டிக்கொண்டு போனியள். தேப்பன் வீடியோ கோலிலை அழுதுபோட்டார்."

மிது கேசரி தின்றுகொண்டு நின்றவள், "ஷீ இஸ் றியலி பாஸ்ட், அன்ரி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அவளிடம் இந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை, அது நிச்சயம்.

இப்போது உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளையின் கையிலிருந்து பறிக்க வேண்டும். சொல்லாவிட்டால் மற்றப் பிள்ளையிடம் பறித்தது பறித்ததுதான். சனிக்கிழமை பகல் அதிபர் ஜூலைப் போட்டிக்குப் பெயர்களை அனுப்புகிறார். அதற்குள் சொல்ல வேண்டும், அல்லது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

கேசரி நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் போட்டுத் தின்றேன்.


ஜூன் 17, புதன்

மழை விட்டுவிட்டது. பார்க்குக்குப் போவோமா என்று மிதுவைக் கேட்டேன். கால் நோகிறதாம். நேற்றும் நொந்தது.

இன்றைக்கு இன்னும் கீழே போனேன்.

மிதுவைக் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்பில் நிற்கிறோம். தூரத்தில் பஸ் வருகிறது. "அம்மா, அதிலை என்ன நம்பர்?" என்று கேட்டாள், தமிழில். சும்மா கேட்கிற குரல் இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். அந்த நிமிஷம் விளங்கியது. மூன்று நாளாகப் பிள்ளை எனக்காக ஒரு காரணம் தேடிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

86. பெரிதாகத் தெரிந்தது. ஓட்டுகிறவரின் தாடிகூடத் தெரிந்தது.

கண்ணைச் சுருக்கினேன். "வடிவாத் தெரியேல்லை, மங்கலாக் கிடக்கு" என்றேன்.

பாவி.

மிதுவின் முகம் மலர்ந்துபோயிற்று. நடுத் தெருவில் என்னைக் கட்டிப் பிடித்தாள். ஐ நியூ இற், அம்மா, அது உங்கள் பிழை இல்லை, உங்களுக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான் என்று இங்கிலிசில் அடுக்கினாள். வீட்டுக்கு வந்ததும் தகப்பனிடம் சொல்லி, நாளைக்கே கண் பரிசோதனைக்கு நேரம் எடுத்துவிட்டாள். "மிது சொல்லுறது சரி, நாப்பத்தைஞ்சுக்குப் பிறகு பாக்கத்தான் வேணும்" என்று இவரும். எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள், சீனி கூட.

இவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கத்தமாட்டார். ஏன் என்று ஒரு முறை கேட்பார். அந்த ஒரு முறைக்குத்தான் பயம்.


ஜூன் 18, வியாழன்

நல்ல நாள், மெல்லிய காற்று. இல்ஃபோர்ட், கண்ணாடிக் கடை, நாலரை மணி.

காலையிலிருந்து யோசித்து ஒரு முடிவோடு போனேன்: மேல் வரிசை இரண்டைச் சரியாகச் சொல்வது, மூன்றாவதில் தடுமாறுவது, அதற்குக் கீழே தெரியவில்லை என்பது. மலிவாக ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்வது. பிள்ளை ஆறுதலாக இருப்பாள். பைத்தியக்கார யோசனை என்று இப்போது தெரிகிறது, காலையில் நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

சோதிக்கிறவன் சின்னப் பொடியன், பஞ்சாபி போல. மிது மூலைக் கதிரையில் இருந்தாள், நான் வேண்டாம் என்றும் உள்ளே வந்துவிட்டாள். விளக்கை அணைத்தான். எழுத்துக்கள் வந்தன.

முதல் வரிசை சொன்னேன். இரண்டாவது சொன்னேன். மூன்றாவதையும் சொல்லிவிட்டேன். அவன் "வெரி குட்" என்றான். அதோடு என் புத்தி போயிற்று. சோதனை என்று ஒருவர் முன்னால் இருந்து கேட்டால் எனக்குப் பிழையாகச் சொல்ல வராது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் இருந்து பழகிய நோய். நாலாவது, ஐந்தாவது, எல்லாம் கடகடவென்று. கடைசிப் பொடி எழுத்து வரிசையையும் அவன் கேட்க முதலே வாசித்தேன். அதற்குக் கீழே கொம்பனியின் பெயர் மாதிரி ஏதோ இருந்தது, அதையும் வாசித்தேன். வாசித்துவிட்டு, எத்தனை புள்ளி என்கிற மாதிரி அவனைப் பார்த்துச் சிரித்தேன்.

"எக்ஸலன்ற். தூரப் பார்வை என்னுடையதைவிட நல்லது" என்றான். கிட்ட வாசிக்க மட்டும் கண்ணாடி, அது வயசுக்கு எல்லாருக்கும் வருவது என்றான்.

அப்போதுதான் எதிரே சுவர்க் கண்ணாடியில் மிதுவின் முகத்தைக் கண்டேன். பொடியனைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் மேல் தட்டில், முன் இருக்கை. இரண்டு தரிப்பு தாண்டியது. பிறகு தமிழில், ஒரு பிழையும் இல்லாமல்:

"அப்ப நீங்கள் கண்டனீங்கள்."

"ஓம்."

"நேற்று பஸ் நம்பரும் தெரிஞ்சதா?"

"ஓம்."

"வை?"

ஆட்கள் கதைப்பினம் என்று சொன்னேன். சொந்தப் பிள்ளைக்குக் குடுத்திட்டா எண்டு சொல்லுவினம் எண்டு பயந்தனான் என்றேன்.

"எந்த ஆக்கள்?"

ஒரு பெயர் சொல்லப் பார்த்தேன். எல்லாரும் கை தட்டியவர்கள்தான், முன்னால் நிறுத்திப் பார்த்தால் ஒருவரும் கெட்டவர் இல்லை. அவள் தலையைத் திருப்பி யன்னலில் வைத்துக்கொண்டாள். அழுதாள். நான் கையைத் தொட்டேன், எடுத்துவிட்டாள். பக்கத்து இருக்கையில் இருந்த வயதான மனிசி, பிள்ளைக்கு என்ன என்று கேட்டா. தலையிடி என்றேன். அங்கேயும் ஒரு பொய்.


ஜூன் 19, வெள்ளி

வெக்கை. தலைக்குக் குளித்தேன். மரக்கறிச் சமையல்.

மிது காலையில் "பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதுவும் தகப்பனுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். நினைத்த மாதிரியே ஒரு முறைதான் கேட்டார், ஏன் என்று. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார், சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டு.

வேலை முடிந்து குட்மேய்ஸ் கடையில் மரக்கறி வாங்குகிறபோது கணேசலிங்கம் அண்ணை, வெண்டிக்காய் நுனி முறித்துப் பார்த்துக்கொண்டு. வழமையாக இரண்டு பேரும் காணாத மாதிரிப் பருப்புப் பக்கம் திரும்பிவிடுவோம். இன்றைக்கு அவரே வந்தார்.

"கேள்விப்பட்டனான் பிள்ளை. நல்ல வேலை செய்தனீங்கள்."

குத்திப் பேசவில்லை. உண்மையாகவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்ணை, போன வருஷம் ஆரூரன்தான் முதலாவதோ?"

கையில் இருந்த வெண்டிக்காயைத் திரும்பக் குவியலில் வைத்தார். "ஓம். ஒரு முழம் முன்னாலை."

"அப்ப ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் கத்தின பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது? சொன்னாலும் தேப்பன்தானே சொல்லுறான் எண்டு இருப்பினம்." பிறகு, "அவன் அதோடை தமிழ்ப் பள்ளிக்கு வாறேல்லை. ஓட்டத்திலை கிடைச்ச கப்பைத் திருப்பிக் குடுக்கச் சொன்னான். நான் குடுக்கேல்லை. அதாலை என்னோடையும் கனக்கக் கதையில்லை" என்றார்.

மன்னிக்க வேணும் என்றேன். அது மட்டும் சொல்லிவிட்டு நிற்க ஏலாமல், ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொன்னேன். முழுதும். பக்கத்தில் ஒரு பிள்ளை மாம்பழம் கேட்டு அழுதுகொண்டு நின்றது.

கேட்டார். முகம் சிவந்தது. "நான் நேர்மையா நிண்டன், களவெண்டியள். நீங்கள் களவு செய்துபோட்டு..." என்றவர் முடிக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு காசு கொடுக்கிற இடத்துக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது.

நாளைக்கு அதிபரிடம் சொல்வது. பெயர் போக முதல். முடிவு செய்துவிட்டேன். பயமாக இருக்கிறது, பயம் இருக்கட்டும்.


ஜூன் 20, சனி

விடிய மழை, பிறகு வெயில். தமிழ்ப் பள்ளி. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, ல ள ழ திரும்பவும்.

இடைவேளையில் அதிபரின் அறை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன். நின்றபடியே சொன்னேன்: மிதுதான் முதலாவது, நான் கண்டனான், வேணுமெண்டுதான் மற்றப் பிள்ளையைப் பிடிச்சனான், ஆக்களுக்குப் பயந்து.

அவர் பிஸ்கற்றை வைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன், நடுவர் பதவியைப் பறிப்பார், கூட்டம் வைப்பார் என்று நினைத்தேன். அவர் இரக்கமாகப் பார்த்தார்.

"இருங்கோ ரீச்சர். தண்ணி குடிக்கிறியளே?"

"வேண்டாம் சேர். நான் சொல்லுறது உண்மை."

"எனக்கு விளங்குது. பிள்ளை வீட்டிலை அழுகுதாக்கும். எந்தத் தாய்க்கும் தாங்க ஏலாதுதான். ஆனால் ஒரு கிழமை கழிச்சு வந்து இப்பிடிச் சொன்னால் நான் என்ன செய்யிறது? வீடியோவிலையும் ஒண்டும் தெரியேல்லை."

"நான்தானே நடுவர். நான்தான் கண்டனான்."

"அண்டைக்கு நடுவர். இண்டைக்குத் தாய்." சொல்லிவிட்டு மெதுவாகச் சிரித்தார். "அந்த வவுனியாப் பிள்ளையின்ரை பேரை வெட்டிப்போட்டு, அதின்ரை தாய்க்கு ஆர் போய்ச் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

"வேண்டாம் ரீச்சர். நீங்கள் ஒரு நல்ல பேர் எடுத்து வைச்சிருக்கிறியள். அதைக் கெடுக்காதேங்கோ. இந்தக் கதை இந்த அறையை விட்டு வெளியிலை போகாது, நான் பாக்கிறன்."

என் கண் முன்னாலேயே பெயர்களை அனுப்பினார். அனுப்புகிற சத்தம் கேட்டது. ஆக, நான் இப்போது அவர் கணக்கில், சொந்தப் பிள்ளைக்காகப் பொய் சொல்ல வந்த தாய். எதற்குப் பயந்து அன்றைக்குக் கையைத் திருப்பினேனோ, அதே ஆளாகத்தான் வெளியே வந்தேன். அவரிடம் இன்றைக்குத்தான் உண்மை பேசினேன். பேசாமலே இருந்திருக்கலாமோ என்று தாழ்வாரத்தில் ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்கும் வெட்கப்பட்டேன்.

பிள்ளைகள் கலைகிற நேரம் ஷர்மிகா ஓடிவந்து, "வணக்கம் ரீச்சர்" என்று குனிந்து சொல்லிவிட்டுப் போனாள். புதுச் சப்பாத்து. ஓடுகிற சப்பாத்து. ரஜிதா வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

காரில் மிது முன் இருக்கையில். வெளிக்கிட்டதும் சொன்னேன்:

"அதிபரிட்டைச் சொன்னனான்."

"என்ன சொன்னவர்?"

"நம்பேல்லை. பேர் அனுப்பியாச்சு."

"ஷர்மிகாட்டை சொல்லாதேங்கோ" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன்.

"அடுத்த வருஷம் நான் ஓடுவன்."

ஓம் குஞ்சு, நாளைக்கே பார்க்கிலை தொடங்குவம் என்றேன்.

"அப்பாவோடை போறன். போட்டிக்கும் அப்பா வரட்டும். நீங்கள் வர வேண்டாம், அம்மா."

சரி என்றேன்.